நாளைக்குப் பார்த்த ஆறு

இரவுப் பணி முடிந்து எட்டரைக்கு வந்தேன்.
வாசலில் ஷூ போட்டு நிற்கிறான் ஆரோன்,
இடது காலில் வலது, வலது காலில் இடது.
"கழட்டாதே, அரை மணி நேரம் அழுவான்" என்று
கண்ணாலேயே சொன்னார் ஜெபராஜ்.

காலாண்டுத் தேர்வு முடிந்து அவருக்கு ஒன்பது நாள் லீவு.
கூடவே வந்திருக்கின்றன
ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் தாள்கள்,
சணல் கயிற்றில் இரண்டு கட்டு.
எனக்கு ஒரு சனி, ஒரு ஞாயிறு.
அதுவும் வார்டில் மரகதத்திடம்
கைமாற்று வாங்கியது.

அமிர்திக்குப் போவதாகத்தான் திட்டம்.
மான், முதலை, வழியெல்லாம் காடு.
பழைய பஸ் ஸ்டாண்டில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டி நின்றது.
சக்கரத்தில் மணி கட்டியிருந்தது.
ஒரு கழி உள்ளே போனால் பதினோரு மணி,
மடித்துப் போட்டால் இன்னும் ஏழு.
"இன்னொண்ணு" என்றான்.
அமிர்தி பஸ் வந்தது. போனது.
"இன்னொண்ணு."
நாலாவது டம்ளருக்கு ஜூஸ்காரர் காசு வாங்கவில்லை.
"புள்ளைய மட்டும் கொஞ்சம் தள்ளிப் புடிச்சிக்கம்மா,
சக்கரம் கைய இழுத்துக்கும்."

மானை அங்கேயே விட்டுவிட்டு
கோட்டைக்கு நடந்தோம்.
அகழியைக் காட்டினேன். பார்க்கவில்லை.
கோபுரத்தைக் காட்டினார். பார்க்கவில்லை.
பீரங்கிக்கு டாட்டா சொன்னான்.
அது திருப்பிச் சொல்லும்வரை நகர மாட்டேன் என்று
வெயிலில் உட்கார்ந்துகொண்டான்.
இலக்கணம் நடத்தும் மனிதர்
பீரங்கிக்குப் பின்னால் போய்க் குனிந்து
கட்டைக் குரலில் "டாட்டா" என்றார்.
மூன்று கல்லூரிப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
ஒருத்தி பீரங்கிக்குக் கை அசைத்தாள்.

புல்வெளியில் நான் தூங்கிப்போனேன்.
விழித்தபோது
என் வயிற்றின்மேல் பாதி பிஸ்கட்,
மூன்று புங்கங்காய்,
யாருடையதோ ஒரு பேனா மூடி.
நெற்றியில் ஈரக் கை வைத்துப் பார்த்துவிட்டு
"காச்சல் இல்ல" என்றான் டாக்டர்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாலத்துக்குப் போனோம்.
மேலே எங்கோ மழை. பாலாற்றில் தண்ணீர்.
ஊரே வந்து வண்டிகளை ஓரம் கட்டியிருந்தது.
தோல் கம்பெனி பஸ்கூட
ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போனது.
பட்டுச் சேலையில் ஒரு பெண் நாணயம் எறிந்தாள்.
டீ நிறத் தண்ணீர்
சீமைக்கருவேலத்தைச் சாய்த்துக்கொண்டு ஓடியது.

இந்த ஊரில் பிறந்தவள் நான்.
ஆற்றில் கிரிக்கெட் ஆடினார்கள் என் அண்ணன்மார்கள்.
ஆற்றைக் குறுக்கே நடந்து டியூஷன் போனேன்.
பள்ளிக்கூடத்தில் ஆறு வரையச் சொன்னால்
நீலத்தை எடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கும்.
கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு
வாயைத் திறந்து நின்றேன்.

ஆரோனுக்கு ஒன்றும் ஆச்சரியமில்லை.
இரண்டரை வயதில் ஒரே ஒரு ஆற்றைப் பார்த்திருக்கிறான்,
அதில் தண்ணீர் இருக்கிறது.
ஆறென்றால் இருக்கும்தானே என்பதுபோல்
தோளிலிருந்து ஒரு தடவை பார்த்துவிட்டு
போலீஸ்காரரின் விசிலைக் கேட்டான்.
அவர் தரவில்லை. ஆனால்
கூட்டத்தைக் கலைக்க ஒரு முறை,
இவனுக்காக ஒரு முறை ஊதினார்.

திரும்பும் வழியில் ஷேர் ஆட்டோவில் தூங்கினான்.
இடது ஷூ எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.
வலது காலில் போட்டிருந்த இடது.

திங்கள் காலை.
நான் சீருடைக்கு இஸ்திரி போடுகிறேன்.
பால் போட வந்த ஷகீலாவிடம்
படியில் நின்று சொல்கிறான்:
"நாளைக்கு ஆறு பாத்தேன்.
நெறைய தண்ணி. நாளைக்கு பாத்தேன்."

உள்ளே மேஜையில்
சிவப்புப் பேனாவோடு ஜெபராஜ்.
முதல் கட்டில் பாதி முடிந்திருக்கிறது,
கால வழு, கால வழு என்று சுழித்துச் சுழித்து.
பேனா நின்றது.
வாசல் பக்கம் தலையைத் திருப்பிக் கேட்டார்.

"எப்படா பாத்த?" என்று ஷகீலா.
"நாளைக்கு!"

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த தாளை எடுத்து
மடிப்பை நீவிக்கொண்டிருந்தார், வெகு நேரம்.