பின்பக்கம்

வால்பரைசோவில் ஜூலை மாதம் மழை மேலிருந்து வராது,
கடலிலிருந்து குறுக்கே வரும்.
மின்பேருந்து திரும்பும் மூலையில் ஏழு மணிக்கு நிற்பேன்,
சுங்கக் கட்டடத்தின் கழிவறைகளைக் கழுவி முடித்த கையோடு.
கையில் குளோரின் மணம் போயிருக்காது.
அந்தக் கையால்தான் இயேசுவை நீட்டுகிறேன்.

எங்களுக்கு இங்கே கானுத்தோ என்று பெயர்.
பள்ளிப் பிள்ளைகள் பேருந்து சன்னலிலிருந்து
கூவிவிட்டுப் போவார்கள்.
எலெயுத்தேரியோ சகோதரர் கோட்டு சூட்டோடு
மாண்டலின் வாசிப்பார்.
எட்டுக் கம்பியில் ஐந்து இருக்கிறது.
கேட்பதற்கு ஒரு நாய் இருக்கிறது,
அதுவும் மருந்துக்கடை திறந்ததும் எழுந்து போய்விடும்.

எனக்குப் பேச வராது.
சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டால்
தொண்டையில் மீன்முள் நிற்கும்.
"நோல்ஃபா, உனக்குப் பதிலாகக் காகிதம் பேசும்"
என்று போதகர் துண்டுப்பிரதிக் கட்டைத் தந்தார்.

காகிதம் பேசிய லட்சணம் எனக்குத் தெரியும்.
நூறு கொடுத்தால் நாற்பது
அடுத்த விளக்குக் கம்பத்துக்குள் தரையில் கிடக்கும்.
பொறுக்கி வந்து அடுப்பருகே காயவைத்து
இஸ்திரி போடுவேன்.
செருப்புத் தடம் போகாது. கொஞ்சம் மங்கும்.

சட்டைப்பையிலிருந்து கையை எடுத்து
இன்னொரு பைக்குள் விட்டுக்கொள்கிறவர்கள் உண்டு.
"நான் கத்தோலிக்கன் அம்மா" என்று
இறால் ஒத்துக்கொள்ளாதவர்போல் மறுப்பவர்கள் உண்டு.
ஒருநாள் ஒரு மாணவன் நின்றான்:
நிலநடுக்கத்தில் என் மாமன் செத்தபோது
உங்கள் கடவுள் எங்கே இருந்தார்?
தெரியவில்லை தம்பி என்றேன்.
அவன் முகம் வாடிவிட்டது.
சண்டைக்கென்று தயாராக வந்தவன், பாவம்.

புதன்கிழமை,
பெஞ்சுக்கு அடியில் நனையாமல் ஒன்று கிடந்தது.
முன்பக்கம் வழக்கம்போல: நீ எங்கே போகிறாய்?
பின்பக்கம் பென்சில் எழுத்து:

பால்.
மெழுகுவர்த்தி.
பூனைக்கு ஏதாவது.
பிளேடு — அடித்திருந்தது.
மிரேயாவைக் கூப்பிட வேண்டும்.
அதையும் அடித்து
கீழே மறுபடி: மிரேயா.

அன்றிரவு ஜெபிக்க முழங்காலிட்டால்
வேறெதுவும் வாயில் வரவில்லை.
ஆண்டவரே, பால் என்றேன்.
மெழுகுவர்த்தி என்றேன்.
பூனைக்கு ஏதாவது என்றேன்.
பிளேடு வந்ததும் நிறுத்தி
அவரிடமே விட்டுவிட்டேன்.
மிரேயா யாரென்று நான் கேட்கவில்லை,
அவருக்குத் தெரியாதா என்ன.

பதினோரு வருடம் அந்த மூலையில்
நான் கைகளைத்தான் பார்த்து நின்றிருக்கிறேன்.
வாங்குமா, வாங்காதா.
மறுநாள்தான் முகங்களை நிமிர்ந்து பார்த்தேன்.
எத்தனை பேர், ஐயோ.
எல்லோருமே அந்தப் பட்டியலை எழுதியிருக்கக்கூடியவர்கள்,
கறிக்கடைக்காரர் உட்பட.

ஞாயிறு சபைக் கூட்டத்தில் போதகர் சொன்னார்,
புதிய பிரதிகளில் பின்பக்கம் வீணாகிறது,
முகவரியும் ஆராதனை நேரமும் அச்சிடலாம் என்று.
எழுந்துவிட்டேன்.
மீன்முள் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.
"பின்பக்கத்தை விட்டுவிடுங்கள்."
ஏன் சகோதரி?
"எழுத இடம் வேண்டுமே."
வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.
யாரோ பழக்கத்தில் ஆமென் என்றார்கள்.
உட்கார்ந்த பிறகு கால் நடுங்கியது.

இன்று மழை விட்டிருந்தது.
ஒருவர் நின்றார், வாங்கினார், படிக்கவில்லை.
எழுத்து உள்ளே போகும்படி நான்காக மடித்து
மேல்பையில் வைத்தார்.
ஆண்டவர் ஆசீர்வதிப்பார் என்று வழக்கம்போல் சொல்லிக்கொண்டே
தாடையைப் பார்த்தேன்.
மழித்திருந்தது.
காதுக்குக் கீழே சின்ன வெட்டு,
ரத்தம் இன்னும் காயவில்லை.
பேருந்து வந்தது, ஏறிப் போனார்.
அவராக இருக்க வேண்டியதில்லை.
இந்த ஊரில் காலையில் மழிக்கிறவர்கள்
ஆயிரம் பேர்.