பத்து கிலோமீட்டர், வரி தனி

முதல் வருஷம் நூற்றைம்பது.
பள்ளிக்கூட வாசலில் மேசை போட்டு
கார்பன் வைத்த ரசீதில் எழுதினார்கள்.
சவுடேஸ்வரி என்றேன்,
சவுந்தரி என்று எழுதினார்.
சவுந்தரியாகவே ஓடி மூன்றாவதாக வந்தேன்.
பரிசாக வந்த எவர்சில்வர் குண்டானில்தான்
இன்றைக்கும் அரிசி களைகிறேன்.

அப்புறம் முந்நூறு.
அப்புறம் பனியன் சேர்த்து அறுநூறு.
இந்த வருஷம் ஆயிரத்து நூற்றெண்பது,
அதுவும் முந்திப் பதிகிறவர்களுக்கு.
ரோட்டில்தான் முந்த வேண்டும் என்று
இத்தனை நாள் நினைத்திருக்கிறேன்.
போனில் கடைசிப் பக்கம் வரை போய்ப் பார்த்தேன்:
வசதிக் கட்டணம் முப்பத்தைந்து.
யாருடைய வசதி என்று போடவில்லை.

ரிஹானா கணக்கில் புலி.
பெல்ட்டில் உருண்டு வரும் மாங்காயில்
அழுகலைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்:
'கிலோமீட்டருக்கு நூத்தி இருபத்தொண்ணு சொச்சம் விழுதுடி.
டவுன் பஸ்ல உக்காந்து போனா நமக்குச் சும்மா.
நடந்து போனாலும் சும்மா.
ஓடினாத்தான் காசு.'

பெங்களூரா கிலோ ஆறு ரூபாய்க்கு
இறங்கிக் கிடந்த வாரம் அது.
கேட்டுக்கு வெளியே டிராக்டர்கள்
ராத்திரியிலிருந்து நின்றன.
இருநூறு கிலோ மாங்காய்க்கு
ஒரு ஆள் பத்து கிலோமீட்டர்.
மறுபடி போட்டுப் பார்த்தாள். தப்பில்லை.

நடத்துகிறவர்களையும் குறை சொல்ல முடியாது.
ஆம்புலன்ஸ் நிறுத்த வேண்டும்,
தண்ணீர் வேண்டும், நேரம் பார்க்கும் சில்லு வேண்டும்,
மெடல் ஒவ்வொன்றும்
தராசில் படிக்கல்லாகப் போடுகிற கனம்.
எனக்கு அந்த வாரம் சிலிண்டர் வந்திருந்தது.
அவ்வளவுதான்.

சீசனில் கம்பெனிக்கு ஞாயிறு கிடையாது.
ரவுண்டானாவில் கயிறு கட்டி
அணைக்குப் போகிற பஸ்ஸை மடக்கிவிட்டார்கள்.
டிரைவர் இன்ஜினை அணைத்தார்,
கண்டக்டர் டீக்குப் போனார்.
மணி ஐந்து ஐம்பத்திரண்டு.
ஆறரை தாண்டினால் அரை நாள் சம்பளம் போச்சு.
'வாடி' என்றேன்.
'எனக்கு மூட்டு வலி, நீ போ' என்றாள் ரிஹானா.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கினேன்.
செருப்பைக் கழற்றிப் பேப்பரில் சுற்றிப் பைக்குள் வைத்தேன்.
கயிற்றுக்கு இந்தப் பக்கம், ஜல்லி ஓரமாக,
ஆறு கிலோமீட்டர்.
ஊதா ஷூக்காரர் ஒருவர் என்னை முந்தினார்,
ராசு வீதி மேட்டில் நான் அவரை.
டிபன் பாக்ஸுக்குள் ஸ்பூன் குதிக்கிற சத்தத்துக்குத்
திரும்பிப் பார்த்து
கைக்கடிகாரத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

தண்ணீர் மேசையில் காலேஜ் பையன்:
'அக்கா, நம்பர்?'
வாயில் வந்தது கம்பெனி டோக்கன்.
நானூற்றுப் பதினேழு.
பட்டியலில் விரலை ஓட்டினான்,
நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.
'ஹரீஷ்குமாரா?'
'ஆமாம்' என்றேன்.
வாழைப்பழம் ஒன்று கொடுத்தான்.

கேட்டில் விரல் வைக்கிற மெஷின்
வியர்வையில் முதல் தடவை எடுக்கவில்லை.
சுவரில் துடைத்து மறுபடி வைத்தேன்.
ஆறு இருபத்தெட்டு.
தேங்க்யூ என்றது பெண் குரலில்.
வாட்ச்மேன் எட்டிப் பார்த்து
'பஸ்ஸை விட்டுட்டாங்களா?' என்றார்.

ஏழேகாலுக்கு வந்தாள் ரிஹானா.
கையுறை மாட்டும்வரை ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு பெல்ட்டைப் பார்த்தபடியே,
'இருநூத்திப் பத்து.
கிலோமீட்டருக்கு முப்பத்தஞ்சு சம்பாதிச்சிருக்கே நீ.'
தன்னுடைய இருநூற்றுப் பத்தைப் பற்றிப் பேசவில்லை.
மத்தியானம் வரை என்னோடும் பேசவில்லை.
ஸ்டூலுக்கு அடியில்
ஒரு காலால் மறு காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்ததும்
வாழைப்பழத்தை இரண்டாக ஒடித்து
பெரிய பாதியை அவள் டப்பா மூடியில் வைத்தேன்.
'ஏதுடி?' என்றாள்.

ஹரீஷ்குமாருடையது.