வட்டியில்லாத எட்டு மாதம்

ஒரு நாளைக்கு எத்தனை பரோட்டா போடுவீர்கள்
என்று கேட்டார் ஆஸ்பத்திரித் தரப்பு வக்கீல்.
எண்ணியதில்லை.
மூட்டைக் கணக்குச் சொல்லலாம்:
சாதாரண நாளில் ஒரு மூட்டை மைதா,
ஞாயிறு என்றால் ஒன்றரை.
தட்டச்சில் ஏறியது வேறு:
‘சாட்சிக்குத் தெரியாது.’

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு எதிரே
பதினாலு வருசம் ராத்திரிக் கடை.
சம்பளச் சீட்டு கிடையாது.
முதலாளி எண்ணிக் கொடுப்பார்,
நான் எண்ணாமல் வாங்குவேன்.
வருமானச் சான்று கேட்டபோது
கடை லெட்டர்பேடில் ஒரு கடிதம் தந்தார்,
பாதிச் சம்பளம் போட்டு.
“கோவிச்சுக்கிறாத ஒச்சு, முழுசா எழுதுனா வரிக்காரன் வந்துருவான்.”
அந்தத் தாளிலேயே
என் விரல்கள் பாதி விலைக்கு வந்துவிட்டன.

விசயம் இவ்வளவுதான்.
வாந்தி, வயிற்றுப்போக்கு.
கோச்சடைப் பக்கம் ஒரு நர்சிங் ஹோம்.
வாந்தி நிற்க ஓர் ஊசி,
நரம்பில் ஏற வேண்டியது தமனியில் ஏறியது.
எரியுது என்றேன்.
“அப்படித்தான்ணே இருக்கும்” என்றது அந்தப் பிள்ளை.
இருபது வயசிருக்கும். மாடி முழுசுக்கும்
அன்று ராத்திரி அது ஒருத்திதான்.
அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை,
வரவழைத்துப் பார்த்தும்.
டாக்டர் மறுநாள் பத்து மணிக்கு வந்தார்.
அதற்குள் மூன்று விரல்கள்
கல்லில் மறந்துவிட்ட பரோட்டா நிறத்தில் இருந்தன.

கேஸ் ஷீட்டில் எல்லா வரியும் நீல மை.
ஒரு வரி மட்டும் கறுப்பு:
‘ஊசியின்போது நோயாளி கையை உதறினார்.’
வக்கீல் ஷகிலா பானு
அந்த வரியின் மேல் விரலை வைத்து
நீதிபதியைப் பார்த்தபடி நின்றார்.
ஒன்றுமே பேசவில்லை.
அவருக்குக் கொடுத்த பீஸ் அந்த நிமிசத்துக்கே சரியாய்ப் போச்சு.

பெரியாஸ்பத்திரியில் அளந்து பார்த்து
நாற்பத்தைந்து சதவீதம் ஊனம் என்றார்கள்.
மிச்சம் ஐம்பத்தைந்தை வைத்து
மாவு வீசிப் பார்த்தேன்.
அது சுவரில் போய் ஒட்டியது.

ஐந்து வருசம் கழித்துத் தீர்ப்பு.
வருமான இழப்புக்கு இவ்வளவு, சிகிச்சைக்கு இவ்வளவு,
மன உளைச்சலுக்கு ஐம்பதாயிரம்,
வழக்குச் செலவு பத்தாயிரம்,
மனுச் செய்த நாளிலிருந்து ஆறு சதவீத வட்டி.
“மன உளைச்சல் யாருக்கு?” என்று கேட்டாள் பவுனுத்தாய்.
மனுதாரருக்கு.
“அப்ப எனக்கு?”
அதற்கு மனுவில் இடம் விடவில்லை.
அவர்கள் மேல்முறையீடு போகக் கூடாதென்று
பாண்டி கோயிலுக்குக் கெடா நேர்ந்திருந்தாள்.
தொகை வந்ததும் முதல் செலவு அந்தக் கெடாதான்.

அதை எடுக்கப் போனால்
கையெழுத்து சேரவில்லை என்றார்கள் பேங்கில்.
இடது கையில் போட்டது எப்படிச் சேரும்?
“கைநாட்டு வச்சிருங்கண்ணே, லேசு.”
பத்தாவது பாஸ் நான்.
‘ஒ’வுக்கு ஒரு சுழி போடுவேன்,
அந்தச் சுழிக்காகவே ரேசன் கடையில் கூடப் பேனா கேட்டு வாங்குவேன்.
கடைசியாக அதைப் போட்டது
ஆஸ்பத்திரிச் சம்மதப் படிவத்தில்.
எதிர்தரப்புச் சான்றாவணம் மூன்று.
கோர்ட்டில் காட்டி, இது உங்களுடையதுதானே என்றார்கள்.
ஆமாம் என்றேன்.
அழகாகத்தான் இருந்தது.

ஒன்று கேட்கணும்.
ஊசி குத்தியது ஆவணியில்,
மனுப் போட்டது சித்திரையில்.
நடுவில் எட்டு மாசம், வட்டி ஓடாத எட்டு மாசம்.
அப்போதுதான் எனக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிவிட்டு,
சோறு பிசைந்து கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு,
என் கடைக்கே வேலைக்குப் போனாள் அவள்.
நடுச்சாமத்தில் வருவாள்,
எண்ணெயும் மாவும் சால்னாவுமாக
என் வாசனையோடு.
பக்கத்தில் படுப்பாள்.
நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்த ராத்திரிகளை
எந்தத் தேதியிலிருந்து கணக்கில் எடுப்பீர்கள், ஐயா?