ஐந்தாவது செட்

சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்ததும்
முதல் நூறு ரூபாய் வண்டிக்கு.
அப்புறந்தான் சீட்டு, கேஸ், மளிகை.
செக்கிங் டேபிளில் பக்கத்து ஆள் சம்பூரணம்
பின்னால் ஏறி உட்கார்ந்து
"இன்னைக்கு எந்தூருங்கக்கா" என்பாள்.
அவளுக்கு வாலிபால் ஒன்றும் தெரியாது.
காளான் தட்டுக்காக வருகிறாள்,
இரண்டாம் செட்டில் தூங்கிவிடுவாள்.

கோபியில் மைதானம் வாய்க்கால் ஓரம்.
பந்து நெல்லுக்குள் போனால்
முழங்கால் சேற்றோடு ஒரு பையன் எடுத்து வருவான்.
சர்வீஸ் போடுகிறவன்
அதைத் தன் பனியனில் துடைத்துக்கொள்வான்.
எங்கள் கம்பெனிப் பனியனாகவும் இருக்கலாம்,
கழுத்துத் தையலுக்குக் கண் தானாய்ப் போகும்.

திருச்செங்கோட்டில் கேலரி கிடையாது.
போர்வெல் லாரிகளை
வட்டமாக நிறுத்திவிடுவார்கள்.
எங்கெங்கோ பூமியைத் துளைத்துவிட்டு
ஊர் திரும்பிய வண்டிகள்,
இரும்புக் குழாய்களின் மேல் வரிசையாய் ஆண்கள்.
எங்கள் இருவருக்கு மட்டும்
ஒரு டிரைவர் கேபின் கதவைத் திறந்துவிட்டார்.
லாரிக் கண்ணாடி வழியே பார்த்த ஒரே ஆட்டம்.
விசில் உள்ளே கேட்கவில்லை.
யார் கை தூக்கினாலும் பாயிண்ட் போலவே இருந்தது.

பொள்ளாச்சியில் தேங்காய்நார்த் தூசி,
தும்மி நிமிர்வதற்குள் ஸ்கோர் மாறியிருக்கும்.
காங்கயத்தில் தோற்றதைத் தவிர
எதுவும் நினைவில்லை.

தோற்பது எங்கள் வழக்கம்.
'எங்கள்' என்று சொல்ல
யாரும் எனக்கு உரிமை தரவில்லை.
மங்கலம் ரோடு சாயப்பட்டறைப் பையன்கள்.
நீல ஜெர்சி,
முதுகில் எழுத்துப் பிழையோடு பட்டறைப் பேர்.
ஏழாம் நம்பர் சிவசண்முகம், இடதுகைக்காரன்.
எம்பி அடிக்கும்போது அந்தக் கை
ஒரு வாரம் ஊதா,
ஒரு வாரம் கிளிப்பச்சை.
ஆறு வருடமாய்ப் பின்னால் சுற்றுகிறேன்,
ஒரு சொல் பேசியதில்லை.

போன மாதம் தாராபுரத்தில்
கோட்டு நடுவர் ஒருவர் வரவில்லை.
ஸ்கோர் எழுதுகிறவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.
"ஏனுங், நீங்கதான் எல்லா ஊருக்கும் வர்றீங்களே,
இதைக் கொஞ்சம் புடிங்க."
சிவப்புத் துணிக் கொடி.
ஓரம் மடித்துத் தைக்கவில்லை, பிசிறு.
போய் மூலையில் நின்றேன்.
வெளியே என்றால் மேலே.
உள்ளே என்றால் கீழே.
நாள் முழுக்க நான் செய்கிற வேலைதான்:
இது போகும், இது ரிஜெக்ட்.

ஐந்தாவது செட். பதினான்கு அவர்கள், பதிமூன்று நாங்கள்.
அவர்கள் அடித்த பந்து
காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்றில்
வெளியே போய்,
மனசு மாறி,
சுண்ணாம்புக் கோட்டின் கடைசி விளிம்பில் விழுந்தது.
கொஞ்சம் வெள்ளைப் பொடி எழும்பியது.
நடுவர் என்னைப் பார்த்தார்.
ஏழாம் நம்பர் என்னைப் பார்த்தான்,
முதல்முறையாக.

கொடி கீழே போயிற்று.
என் கைதான் அது.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
வலைக்கு அடியில் போய்
எதிரணிக்குக் கை கொடுத்தான்.
யாரோ பின்னாலிருந்து
"அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதா" என்றார்கள்.

குண்டடம் தாண்டும்போது
காற்றாலைகளின் சிவப்பு விளக்கெல்லாம்
சேர்ந்து அணைந்து சேர்ந்து எரிந்தன.
"நம்ம ஆளுங்க ஜெயிச்சாங்களாக்கா?"
"இல்ல. தூங்காதே, விழுந்துருவே."
பல்லடம் வரை அந்தப் பந்தை
நாலு முறை மறுபடி விழவிட்டுப் பார்த்தேன்.
மூன்று முறை உள்ளே.
ஒரு முறை தெரியவில்லை.

வீட்டில் வண்டிப் பெட்டியைத் திறந்தால்
ஸ்பானருக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில்
கொடி.
மறந்து எடுத்து வந்துவிட்டேன்.
ஓரத்தை மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன்.
திருப்பிக் கொடுக்க
தாராபுரம் ஒரு தரம் போகவேண்டும்.
அதற்கு முன்னால் கோபி,
வருகிற சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணி,
லைட் வெளிச்சத்தில்.