கல்லின் தோல்

மேற்கு ஆஸ்திரேலியா, கராத்தா. ஜூலை.
விடுதியின் கூட்ட அறையில்
ஏசி ஒரு பக்கம் சொட்டுகிறது.
எட்டுப் பேர், ஆறு நாட்டுக் கடவுச்சீட்டு,
யாரும் தொடாத ஒரு தட்டு லாமிங்டன்.

மூன்றாம் பத்தியில், ஒரு வினைச்சொல்லில்
இரண்டு மணி நேரமாக நிற்கிறோம்.
புகைபோக்கிகள் கக்கும் அமிலத்தைக்
குறைக்க வேண்டும் என்பதா
குறைக்க முயலலாம் என்பதா.
ஆலையின் வக்கீல் முயலலாம் பக்கம்.
பாசி பற்றி மட்டுமே முழு வாக்கியம் பேசும்
பின்லாந்துக்காரன் ஆர்வோ
பென்சிலைச் சீவிக்கொண்டே இருக்கிறான்.
திரையில் ஹிமேனா. சிலேயில் இரவு பதினொன்று.
அவள் முதுகுக்குப் பின்னால் யாரோ
பாத்திரம் கழுவுகிறார்கள்.

என் வேலை எண்களைச் சொல்வது.
பாறைக்கு ஒரு தோல் உண்டு,
கறுஞ்சிவப்பு, மயிரிழையிலும் மெலிது,
ஊறி வர ஆயிரமாயிரம் வருஷம்.
அந்தத் தோலைக் கொத்தித்தான் வரைந்திருக்கிறார்கள்
கங்காருவை, ஆமையை,
இப்போது எங்குமே இல்லாத
முதுகில் வரி போட்ட ஒரு விலங்கை.
தோல் கரைந்தால்
கோடும் இல்லை, கோட்டுக்கு வெளியும் இல்லை.
கல்மேல் எழுத்து என்றால் அழியாதது
என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்
அது எத்தனை நாள் தாங்கும் என்று அளந்து
சம்பளம் வாங்குகிறேன்.

தண்ணீர் தம்ளரை நகர்த்தியபோது
கை நின்றது.
மேசை வெள்ளைக் கல். மிளகாய்ப்பொடி சிந்தினாற்போல்
சிவப்புப் புள்ளிகள்.
வெள்ளையாக இருந்தாலும் எங்கள் பக்கம்
அதற்குப் பெயர் கருங்கல்தான்.
இடைவேளையில் பேனாவைத் தவறவிட்டு
குனிந்து அடியில் பார்த்தேன்.
பாதி கிழிந்த ஒட்டுத்தாள்:
...லூர், இந்தியா.
வேலூராக இருக்கலாம்.
மேலூர் என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஒரு குன்று. இப்போது பாதிக் குன்று.
குகைக்குள் சமணர் படுக்கை,
தலைமாட்டில் ஒற்றை வரி, கொடுத்தவன் பெயரோடு.
மறுபாதி, ஊர் ஊராகச்
சமையல் மேடைகளாகக் கிடக்கிறது.
அப்பா அந்தக் குவாரியில் கணக்கு எழுதினார்.
கன அடிக்கு இவ்வளவு என்று.
அந்தக் காசில்தான் நான் வேதியியல் படித்தேன்.
இதை எந்தப் பத்தியில் சேர்ப்பது?

மதியம் பாறைகளுக்குப் போனோம்.
டோரீன் ரேஞ்சர் சட்டையில் முன்னால் நடந்தாள்.
இது அவள் ஆட்களின் நாடு. என் வயதுதான் இருக்கும்.
ஓரிடத்தில் நின்று கையை நீட்டி மறித்தாள்.
"யார், யார் பிள்ளை, எதற்கு வந்தீர்கள்,
சொல்லிவிட்டு உள்ளே வாருங்கள்.
உங்கள் பாஷையிலேயே. அவர்களுக்குப் புரியும்."

ஆர்வோ ஏதோ முணுமுணுத்தான், காது சிவக்க.
ஹிமேனாவை யாரோ தொலைபேசியில் தூக்கிப் பிடித்தார்கள்.
பாறைகளை நோக்கி அவள் தன் தாய் பெயரைக் கூவினாள்.
வக்கீல் காரை விட்டு இறங்கவில்லை.
டோரீன் போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.
இறங்கினார். தன் பெயரைச் சொன்னார்.
எதற்கு என்ற இடத்தில்
தொண்டையைச் செருமிக்கொண்டு நின்றுவிட்டார்.

என் முறை.
ஐந்து வாரமாக வாய்விட்டுப் பேசாத தமிழ்
முதலில் காற்றாகத்தான் வந்தது.
நான் மங்கையர்க்கரசி.
குவாரிக் கணக்கர் சுந்தரபாண்டியன் மகள்.
அளக்க வந்திருக்கிறேன்.
எடுத்துப்போக இல்லை.
கடைசி வரியை இன்னொரு முறை சொன்னேன்,
யாருக்கென்று தெரியவில்லை.

"நீளமாக இருந்ததே, என்ன சொன்னாய்?"
என்றாள் டோரீன்.
"அப்பாவைப் பற்றி."
"ம்" என்று வழிவிட்டாள்.
அமிலமானியை வெயில் படாத பக்கம் வைக்கச் சொன்னாள்,
பாம்பு இருக்கும், பார்த்து வை என்றாள்.

மறுநாள் பத்தரைக்கு
வேண்டும் நின்றது.
இயன்றவரை என்று ஒரு சொல்
அதன் முதுகில் ஏறிக்கொண்டது.
ஹிமேனா கொட்டாவிக்கு நடுவே கை தட்டினாள்.
டோரீன் கையெழுத்துப் போடவில்லை,
தன் ஆட்களிடம் படித்துக் காட்டாமல் போடமாட்டாளாம்.
ஆறு பிரதிகளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

குறிப்பெழுதும் பொறுப்பு என்னுடையது.
வருகைப் பதிவில் எட்டுப் பெயர்களுக்குக் கீழே
ஒன்பதாவது சேர்த்தேன்:
குன்று, பாதி.
தலைமையகத்திலிருந்து கேட்டார்கள், இது யார் என்று.
தட்டச்சுப் பிழை என்று பதில் போட்டேன்.
திருத்தவில்லை.