குடை விற்காத ஊர்

புந்தா அரேனாஸில் யாரும் குடை வாங்குவதில்லை.
காற்று பிடுங்கி நீரிணைக்குள் எறிந்துவிடும்,
கையில் மிஞ்சுவது கைப்பிடி.
இது தெரியாமல் சாந்தியாகோ தலைமையகம்
நாற்பது குடைகளை அனுப்பி
எங்கே தொங்கவேண்டும் என்று படமும் வரைந்திருந்தது:
மூன்றாம் வரிசை, மார்பு உயரம்.

பதினோரு மாதம் தொங்கின.
தூசி தட்டுவது எதெல்மிராவின் வேலை.
கை தட்டிக்கொண்டிருக்கும், கண் வேறெங்கோ இருக்கும்.
சோம்பல் என்றுதான் நினைத்திருந்தேன்.

பிப்ரவரிக் கடைசியில் ஒரு தாய்
பெட்டி வாங்கினாள், போர்வை வாங்கினாள்,
கல்லாவில் நின்று சொன்னாள்:
"மகனுக்கு வால்டிவியாவில் இடம் கிடைத்திருக்கிறது.
அங்கே மழை விடவே விடாதாமே."
நான் மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.
மூன்றாம் வரிசையில்
தூசித்துணி நின்றது.

மறுநாள் குடைகளெல்லாம் பெட்டிகளுக்குப் பக்கத்தில்.
அட்டையில் அவளுடைய கோணல் எழுத்து:
இந்த ஊருக்கு அல்ல, போகிற ஊருக்கு.

மேலாளர் ஒஸ்வால்தோ வந்தார்.
படத்தைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார்.
சரி என்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை.
மாத்தேக்கு வெந்நீர் வைக்கத்
திரும்பி நடந்தார்.

எனக்கும் ஒருமுறை தோன்றியதுண்டு,
பழைய மேலாளர் காலத்தில்.
கையுறையை ஒற்றையாக விற்கலாமே என்றேன்,
இந்தக் காற்றில் எல்லோரும் தொலைப்பது ஒன்றைத்தானே.
கடை முழுக்கக் கேட்கச் சிரித்தார்.
அன்றிலிருந்து
என் கல்லாக் கணக்கு பிசகியதே இல்லை.

ஒன்பது நாளில் குடைகள் தீர்ந்தன.
பத்தாம் நாள் தலைமையகத்திலிருந்து ஒரு படிவம்:
உங்கள் படைப்பாற்றலைத் தூண்டியது எது?
சம்பளமா, பயிற்சியா, பாராட்டா,
ஒன்றிலிருந்து ஐந்துவரை வட்டமிடவும்.
திரும்பி நடந்த முதுகுக்கு
அதில் கட்டம் இல்லை.
துடைத்ததையே துடைத்த மத்தியானங்களுக்கும் இல்லை.
படிவத்தோடு அதே லாரியில்
அறுபது மின்விசிறிகள் வந்து இறங்கின,
வெளியே பனித்தூறல்.

எதெல்மிரா படிவத்தைப் புரட்டினாள்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.
தடித்த பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி
என்னைப் பார்த்தாள்:
"அந்தக் கையுறை விஷயம்,
இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.
அன்று மாலை கல்லாவில்
நூறு பெசோ உதைத்தது.