எஃப் ஏழு

ஜாலான் புசாரில், பூட்டுக்கடைக்கு மேல்மாடியில்,
அறுபத்திரண்டு நாற்காலிகள் எங்கள் தியேட்டர்.
செவ்வாய் இரவுகளில்
ஒரு சீட்டு, இரண்டு படம், பன்னிரண்டு வெள்ளி.
ஜோடி சேர்ப்பது என் வேலை.

பத்துப் பொருத்தமும் பார்க்கிறேன் என்று
முதலாளி க்வெக் நம்பிக்கொண்டிருக்கிறார்.
மலிவாய்க் கிடைப்பது மாப்பிள்ளை,
அதற்கடுத்த மலிவு பெண்.
முடிந்தது முகூர்த்தம்.

மழை நிற்கவே நிற்காத கொரியப் படத்துக்குப் பின்னால்
தண்ணீர்ப் பஞ்சத்து ஆவணப்படம் ஓடியது அப்படித்தான்.
முடிந்து வெளியே வந்தவர்கள்
கழிப்பறைக் குழாயை ஒருவர் பின் ஒருவராக இறுக்கி மூடினார்கள்.

அம்மன் படத்துக்கு வாய்த்தது சுறாமீன்.
சூலத்தை வீசி அவள் மலையேறிப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை,
கடலில் ரத்தம்.
பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
'அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்கப்பா!'

நோன்பு மாதத்தில், மாலை ஆறு மணிக்கு,
பிரெஞ்சுச் சமையல் படம் போட்டதற்கு
பாப்கார்ன் விற்கும் ரொஸ்னா
இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

எஃப் ஏழு அரங்கசாமியுடையது.
மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
முதல் படம் மட்டும், அதுவும் அழுகைப் படம்.
விடிகாலை ஐந்துக்கு யாரோ எங்கோ மாட்டிக்கொள்வார்கள்,
தூங்க வேண்டும்.

சியோக் ஹூன் தாதி.
வேலை முடிய ஒன்பது ஆகும்.
இரண்டாம் படம் மட்டும், அதுவும் பிணங்கள் எழுந்து நடந்தால்.

ஒருநாள் படிக்கட்டில் அவர் கேட்டார்:
'பாதிச் சீட்டு மிச்சம் இருக்கு. ஆறு வெள்ளி?'
'அஞ்சு,' என்றாள். 'நாற்காலி சூடாயிருக்கும்.'
நான் பார்க்கவில்லை.
ஒரு சீட்டுக்கு ஓர் ஆள்தான் என்று
எங்கும் எழுதிப் போட்டிருக்கவுமில்லை.

அன்றிலிருந்து, இடைவேளையில் அவர் எழுந்து போகும்போது
எஃப் ஏழில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடக்கும்.
இந்த ஊரில் அதுதான் பட்டா.
அழுதது போக மிச்சத்தில்
அவள் பாப்கார்ன் விரல்களைத் துடைத்துக்கொள்வாள்.

போன செவ்வாய் நான் தப்பான கோப்பைத் தட்டிவிட்டேன்.
பிணங்கள் முதலில் வந்தன.
நிறுத்தியிருக்கலாம்.
பால் கலக்காத கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

ஒன்பதரைக்கு அவள் வந்தபோது
எஃப் ஏழில் ஆள் இருந்தது.
'என் படம் இன்னும் வரல,' என்றார் அவர்.
'என்னுது முடிஞ்சிருச்சா?' என்றாள் அவள்.
ஐம்பது நாற்காலிகள் காலியாகக் கிடக்க
இருவரும் அந்த ஒன்றையே பார்த்தார்கள்.
பாக்கெட்டில் டிஷ்யூ ஒன்றுகூட இல்லை.
'அந்தப் பிணங்களுக்கும் ஒரு வீடு இருந்திருக்குமே,'
என்றார், மூக்கை உறிஞ்சியபடி.

அவள் எஃப் எட்டில் உட்கார்ந்தாள்.

அழுகைப் படம் ஆஸ்பத்திரிக் கட்டத்துக்கு வந்தது.
அப்பா சாகக் கிடக்கிறார்,
வயலின் கதறுகிறது,
அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள்.
'ட்ரிப்ஸ் பாட்டில் கட்டிலுக்குக் கீழே தொங்குது பாருங்க,
ரத்தம்தான் மேலே ஏறும்!'
அவர் பார்த்தார்.
அப்பா செத்து முடிகிறவரை
இரண்டு பேரும் நிறுத்தவில்லை.
முன்வரிசை திரும்பித் திரும்பி 'ஷ்ஷ்' என்றது.

மறுநாள் க்வெக் கணக்கு நோட்டோடு வந்தார்.
'எஃப் எட்டுல யாரு? சீட்டு விக்கலையே?'
என் பையிலிருந்து ஆறு வெள்ளி எடுத்துப் பெட்டியில் போட்டேன்.
மீதி ஆறு எங்கே என்றார்.
அதையும் போட்டேன்.

அடுத்த மாதப் பட்டியல் நாளை தர வேண்டும்.
மின்தூக்கிக்குள் பேய் மாட்டிக்கொள்கிற தாய்லாந்துப் படம் ஒன்று வருகிறது,
மலிவே இல்லை.
கேட்டு எழுதிவிட்டேன்.
கம்பி எங்காவது தப்பாகத்தான் மாட்டியிருப்பார்கள்.
அதை முதலில் போடுவதா, இரண்டாவதா,
அதுதான் புரியவில்லை.